சானடோரியத்தோடு போனவை

சென்னைக் கடற்கரையிலிருந்து புறநகர் ரயிலில் வந்தால் தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் ‘தாம்பரம் சானடோரியம்’. அங்கே தினமும் ஏறி இறங்கும் பலருக்கு அது ஓர் ஊர்ப் பெயர், அவ்வளவுதான். 1928இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்காக ஒரு சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் இதேபோன்ற ஒன்றை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் மருத்துவத்தால் தர முடிந்தது சானடோரியம்தான். ஊருக்கு வெளியே மரங்கள் நிறைந்த வளாகம், உயரமான கூரை, இருபுறமும் ஜன்னல், நீண்ட தாழ்வாரம். நோயாளி மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பார். பால், முட்டை, இறைச்சி என்று வீட்டில் கிடைக்காத சாப்பாடு வரும். செவிலியர் காய்ச்சலையும் எடையையும் குறித்துக்கொண்டே இருப்பார். ஓய்வு, உணவு, காற்று, கண்காணிப்பு ஆகிய நான்கும் ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுக்கப்பட்டன. இவற்றில் எது குணப்படுத்துகிறது, எது சும்மா கூட வருகிறது என்று பிரித்துப் பார்க்க அன்று வழி இல்லை.

அந்த மூட்டையை முதலில் பிரித்துப் பார்த்த ஆய்வு சென்னையில்தான் நடந்தது. நோயைக் குணமாக்க சானடோரியப் படுக்கை தேவையில்லை என்று அது காட்டியது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கு அதனால் மாறியது. இதைப் பலரும் பெருமையோடு சொல்வார்கள், பெருமைக்குரியதும்தான். ஆனால் அந்த ஆய்வு ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்டது, அதற்கு விடை சொன்னது. பின்னால் வந்தவர்கள் அது கேட்காத கேள்விகளுக்கும் அதே விடையைச் சொல்லிவிட்டார்கள். படுக்கை தேவையில்லை என்றதும், மூட்டையில் இருந்த மற்றவையும் தேவையற்றவை ஆகிவிட்டன. அவை ஒவ்வொன்றையும் மறுபடி தேடி எடுக்கும் வேலையைத்தான் கடந்த இருபது ஆண்டுகளின் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறது.

சேத்துப்பட்டில் கேட்கப்பட்ட கேள்வி

1940களின் நடுப்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசினும் பி.ஏ.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட மருந்தும் வந்தன. 1952இல் ஐசோநயாசிட் வந்தது. ஐசோநயாசிட் விலை குறைவு, மாத்திரையாக விழுங்கலாம். இந்தியாவில் காசநோயாளிகள் பல லட்சம் பேர். சானடோரியப் படுக்கைகளோ சில ஆயிரம். எல்லோருக்கும் படுக்கை கட்டித் தருவது எந்த அரசாலும் ஆகாத காரியம். மருந்து மட்டும் கையில் இருக்கிறது, அதை வீட்டிலேயே கொடுத்தால் என்ன என்பதே அன்றைய கேள்வி.

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதை அமைத்தன. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதன் தொடக்கக்கால ஆய்வுகளை வழிநடத்தினார். சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

ஆய்வில் சேர்க்கப்பட்ட 193 பேரும் சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யார் வீட்டில் இருப்பது, யார் சானடோரியத்துக்குப் போவது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறை முடிவு செய்தது. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநயாசிட்டும் பி.ஏ.எஸ்ஸும், ஓராண்டுக்கு. சானடோரியத்துக்குப் போனவர்களுக்கு ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைத்தன. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில், போதாத சாப்பாட்டோடு, முடிந்த வேலையைச் செய்துகொண்டே மருந்து சாப்பிட்டார்கள்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவுகள் வெளியாயின. ஓராண்டு முடிவில் நோய் அடங்கிய நிலையை எட்டியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். அந்த எண்ணிக்கையில் இந்த வித்தியாசம் பெரிதல்ல. எல்லா வகையிலும் வசதி குறைந்த சூழ்நிலையிலும் மருந்து தன் வேலையைச் செய்திருந்தது.

அடுத்த கேள்வி குடும்பத்தைப் பற்றியது. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்தால் மனைவி மக்களுக்கு நோய் பரவாதா? குடும்பத்தினரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. நோயாளியைப் பிரித்து வைத்ததால் பலனும் இல்லை. பரவ வேண்டிய அளவு ஏற்கெனவே, மருந்து தொடங்குவதற்கு முன்பே, பரவியிருந்தது.

இந்த இரண்டு முடிவுகளும் எத்தனையோ குடும்பங்களைக் காப்பாற்றின. நோய் வந்தால் வீட்டை விட்டு, குழந்தைகளை விட்டு, வேலையை விட்டு ஆண்டுக்கணக்கில் ஒதுங்க வேண்டும் என்ற நிலை போனது. சானடோரியம் திரும்பி வர வேண்டும் என்று யாரும் கேட்கப்போவதில்லை. கேள்வி வேறு: 193 பேரிடம் கிடைத்த இந்த விடையை எந்த அளவுக்கு இழுத்துப் பொருத்தினோம்?

நோய் தெரிவதற்கு முந்தைய மாதங்கள்

குடும்பத்தினரைப் பற்றிய அந்த முடிவை இன்னொரு விதமாகவும் வாசிக்கலாம். வீட்டு வைத்தியம் பாதுகாப்பானது என்பது ஒரு வாசிப்பு. அப்படித்தான் எல்லோரும் வாசித்தார்கள். ஆபத்தான காலம் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்னால் இருக்கிறது என்பது மற்றொரு வாசிப்பு. மருந்தின் வெற்றிக்குக் கிடைத்த கவனம் இந்த இரண்டாவது செய்திக்குக் கிடைக்கவில்லை.

நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரியாது, அறியாமையால் தாமதமாக வருகிறார் என்பது மருத்துவமனைகளில் காலங்காலமாகச் சொல்லப்படுவது. 1963இல் தேபபிரத பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் செய்த ஆய்வு இதை மறுத்தது. சளியில் கிருமி இருந்தவர்களை வீடு வீடாகத் தேடிக் கண்டுபிடித்து விசாரித்தார்கள். அவர்களில் ஏறத்தாழ எல்லோருக்குமே தமக்கு ஏதோ நோய் இருப்பது தெரிந்திருந்தது. பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயிருந்தார்கள். போன இடத்தில் சளியைப் பரிசோதிக்காமல் இருமல் மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜிஷ்ணு தாஸும் அவரது குழுவினரும் டெல்லியில் வேறு முறையில் இதையே அளந்தார்கள். பயிற்சி பெற்ற சிலர் காசநோய் அறிகுறிகளைச் சொல்லிக்கொண்டு நோயாளிகளைப் போல மருத்துவர்களிடம் போனார்கள். தங்களைப் பார்க்க வந்தவர் நோயாளி அல்ல என்று மருத்துவருக்குத் தெரியாது. 250 சந்திப்புகளில் சரியான முறையில் நடத்தப்பட்டவை 21 சதவீதம் மட்டுமே. 2015இல் வெளியான இந்த ஆய்வு இன்னொன்றையும் கவனித்தது. பாடம் தெரியாததால் மட்டும் தவறு நடக்கவில்லை; தெரிந்தவர்களும் எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்ததைச் செய்யவில்லை. நெரிசலான ஓ.பி.யில் ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அந்த நிலையில் ‘இரண்டு வாரமாக இருமலா?’ என்று கேட்பதற்கும், அதற்குப் பின் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவதற்கும் மருத்துவ அறிவோடு நேரமும் வேண்டும்.

பரிசோதனை முறையின் எல்லைகளும் உண்டு. நூறாண்டுக்கும் மேலாக நாம் நம்பியிருந்தது மைக்ரோஸ்கோப். ஒரு மில்லிலிட்டர் சளியில் ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகள் இருந்தால்தான் அதில் தென்படும். அதற்குக் குறைவாக இருப்பவருக்கு ‘நெகட்டிவ்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 2010இல் உலக சுகாதார நிறுவனம் ஒப்புதல் அளித்த ஜீன்எக்ஸ்பர்ட் கருவி கிருமியின் மரபணுவைத் தேடுகிறது. சில நூறு கிருமிகள் இருந்தாலும் அது கண்டுபிடித்துவிடும். முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி இதே வேலையைப் பேட்டரியின் உதவியோடு, ஆரம்ப சுகாதார நிலைய அளவிலேயே செய்கிறது.

ஆனால் கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அதனிடம் வந்து சேரும் சளியைத்தான் சோதிக்கும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பில் மக்கள் இருக்கும் இடத்துக்கே போய், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மார்பு எக்ஸ்-ரே எடுத்தார்கள். எக்ஸ்-ரே எடுத்திருக்காவிட்டால் கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள். அவர்கள் சொல்வதற்கு இருமலோ காய்ச்சலோ இருக்கவில்லை. அறிகுறி இருந்தவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கினர் எங்கும் சிகிச்சைக்குப் போகவில்லை. தும்கூர் ஆய்வு சொன்னதும் இதுவும் முரணாகத் தோன்றலாம். இரண்டிலிருந்தும் தெரிவது ஒன்றுதான்: ஆள் வரட்டும் என்று மருத்துவமனை காத்திருப்பது போதாது, வந்தவரைத் திருப்பி அனுப்புவதும் கூடாது.

தட்டில் இருந்தது

சென்னை ஆய்வின் தொடர்ச்சியாக 1961இல் உணவு பற்றிய அறிக்கை வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியது. ஆனால் நோய் அடங்குவதில் அது பெரிய வித்தியாசத்தைக் காட்டவில்லை. முறையாக மருந்து சாப்பிட்டால் போதாத சாப்பாட்டிலும் குணமாகலாம் என்பது அதன் முடிவு. ஏழை நாடுகளுக்கு அது நம்பிக்கை தந்த செய்தி: நல்ல சாப்பாடு கொடுக்க வசதி இல்லை என்பதற்காகச் சிகிச்சையை நிறுத்த வேண்டியதில்லை.

அதற்குப் பின் நடந்தது வேறு. உணவு இல்லாமலும் குணமாகும் என்ற முடிவு, உணவு ஒரு பொருட்டே இல்லை என்று மாறியது. பல பத்தாண்டுகள் காசநோய்த் திட்டத்தில் உணவுக்கு இடமே இருக்கவில்லை. 2018 ஏப்ரலில்தான் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தரும் நிக்ஷய் போஷண் திட்டம் வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயானது.

அன்றைய ஆய்வு கேட்காத கேள்விகள் இரண்டு இருந்தன. எலும்பும் தோலுமாக வருகிற நோயாளி முதல் சில வாரங்களைத் தாண்டுவாரா என்பது ஒன்று. அவருடன் அதே பானையிலிருந்து சாப்பிடும் குடும்பத்தினர் நோயிலிருந்து தப்புவார்களா என்பது மற்றது. மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடத்திய ‘ரேஷன்ஸ்’ ஆய்வு இவற்றை எடுத்துக்கொண்டது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, கடலை மாவு, பால் பவுடர், எண்ணெய் என்று பத்துக் கிலோ பொருட்களும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சத்துக்குறைவு உள்ளவர்கள். 10,345 குடும்ப உறுப்பினர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள்.

2023 ஆகஸ்டில் முடிவுகள் வந்தன. பொருள் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவு. இந்தக் கடைசி எண்ணைக் கவனமாகக் கையாள வேண்டும். எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடிய உடம்பு என்பதால் எடை ஏறியதா என்பதை இதைக் கொண்டு அறுதியிட முடியாது. எல்லா நோயாளிகளுக்குமே உணவு கொடுக்கப்பட்டதால் ஒப்பிட வேறு பிரிவு இல்லை. குடும்பத்தினரைப் பற்றிய முடிவுக்கு அந்தக் குறை இல்லை. அங்கே ஒப்பீடு இருந்தது, குலுக்கலும் இருந்தது. ரேஷன் கடையில் கிடைக்கும் அரிசியும் பருப்பும், ஒரு தடுப்பூசியிடம் எதிர்பார்க்கும் அளவுக்குப் பலன் தந்திருந்தன.

யாருக்குப் படுக்கை வேண்டும்?

சராசரியைச் சொல்லும் ஆய்வை ஒவ்வொரு நோயாளிக்கும் பொருத்தும்போது விளிம்பில் இருப்பவர் தவறி விழுகிறார். பெரும்பாலானவர்களுக்குப் படுக்கை தேவையில்லை என்பது உண்மை. அதிலிருந்து யாருக்குமே தேவையில்லை என்ற நடைமுறை வளர்ந்தது. நோய் உறுதியானதும் மாத்திரை அட்டையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாயிற்று. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்வதை மருத்துவர்கள் அறிவார்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் யார் அந்த இரண்டு மாதத்தைத் தாண்ட மாட்டார் என்று முன்கூட்டியே பார்க்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

2022 ஏப்ரலில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ அந்த ஏற்பாட்டைச் செய்தது. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து வகுத்தது அது. நோய் உறுதியான அன்றே சுகாதாரப் பணியாளர் சிலவற்றைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை மிக மோசமாகக் குறைந்திருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு 24க்கு மேல் ஓடுகிறதா, ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், மருத்துவர்கூட வேண்டாம். எடைக்கருவி, உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், கடிகாரம் இருந்தால் போதும். இவற்றில் ஆபத்து தென்பட்டால் அவரை மருத்துவமனைக்கு அனுப்பி, முழுமையாகப் பரிசோதித்து, தேவையென்றால் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். தொடக்க மாதங்களின் இறப்பு குறைந்திருப்பதாகத் திட்டத்தை நடத்துபவர்களின் அறிக்கைகள் சொல்கின்றன.

1959இன் முடிவை இது பொய்யாக்கவில்லை. அன்று கேட்டது, நோயாளிகள் என்ற கூட்டத்துக்குப் படுக்கை வேண்டுமா என்று. இன்று கேட்பது, எதிரில் நிற்கும் இவருக்கு வேண்டுமா என்று. சானடோரியம் எல்லோரையும் படுக்க வைத்தது. பிந்தைய திட்டம் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது. ஆளைப் பார்த்து முடிவெடுக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஜன்னல் யாருக்காக இருந்தது?

மூட்டையிலிருந்து போனவற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவது காற்று. நல்ல காற்று நுரையீரலை ஆற்றும் என்று நம்பித்தான் சானடோரியங்களுக்கு அத்தனை பெரிய ஜன்னல்கள் வைத்தார்கள். மருந்து வந்ததும் அந்த நம்பிக்கை பொய்யானது. காற்று நோயாளியைக் குணப்படுத்தவில்லை. ஆனால் அதே ஜன்னல் இன்னொருவரைக் காத்துக்கொண்டிருந்தது: அந்த அறையில் வேலை செய்தவரை.

சென்னை ஆய்வு நடந்த அதே 1950களின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலியும் வில்லியம் வெல்ஸும் ஒரு சோதனை செய்தார்கள். ஆறு படுக்கைகள் கொண்ட காசநோய் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாகக் கொண்டுபோய், மேலே கூண்டுகளில் இருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க வைத்தார்கள். நோயாளிகளை ஒரு முறைகூடப் பார்க்காத, தொடாத அந்த விலங்குகளுக்குக் காசநோய் வந்தது. கிருமி காற்றிலேயே மிதந்து பரவுகிறது என்பது அதில் உறுதியானது. மருந்து தொடங்காத நோயாளிகளிடமிருந்துதான் பெரும்பாலும் பரவியது என்பதும் தெரிந்தது. இதைச் சென்னைக் குடும்பங்களைப் பற்றிய முடிவோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருப்பவரால் பெரிய ஆபத்து இல்லை. இன்னும் கண்டுபிடிக்கப்படாமல், இருமிக்கொண்டு ஓ.பி. வரிசையில் உட்கார்ந்திருப்பவரால்தான் ஆபத்து. அவர் எதிரில் இருப்பவர்கள் செவிலியர், பயிற்சி மருத்துவர், ஆய்வுக்கூடப் பணியாளர், துப்புரவுப் பணியாளர்.

இந்தியாவில் இதை அளந்த ஆய்வுகள் சிலவே. மகாராஷ்டிரத்தில் சேவாகிராம் மருத்துவக் கல்லூரியின் 726 பணியாளர்களைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. இரண்டு பரிசோதனைகளில் ஏதேனும் ஒன்றிலாவது தொற்று இருப்பதாகக் காட்டியவர்கள் பாதிப்பேர். அது ஊரில் வந்த தொற்றா, வேலையில் வந்ததா என்ற கேள்வி இயல்பாகவே எழும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் தேவசகாயம் கிறிஸ்டோபரும் உடன் பணியாற்றியவர்களும் அதற்கு விடை தேடினார்கள். தொற்று இல்லாத செவிலிய மாணவியரைத் தொடர்ந்து பரிசோதித்ததில், ஆண்டுக்கு 7.8 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்டது தெரிந்தது. பொது மக்களிடம் அன்று மதிப்பிடப்பட்டிருந்த அளவு ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம். பதினெட்டு, பத்தொன்பது வயதில் வார்டுக்குள் நுழையும் பெண்ணுக்கு ஊரில் இருப்பதைப் போல ஐந்து மடங்கு ஆபத்து.

தொற்று வந்த எல்லோருக்கும் நோய் வராது. பத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வாழ்நாளில் நோயாக மாறும். ஆனால் எப்போது, யாருக்கு என்று தெரியாத நிலை அது. கூடவே, இந்த நோய்க்குள்ள அவப்பெயரும் சேர்கிறது. நோயாளியிடம் ‘இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை’ என்று தினமும் சொல்கிற செவிலியர், தனக்கு வந்தால் வெளியே சொல்லத் தயங்குகிறார். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம், விடுதி அறையில் உடன் இருப்பவர்கள் விலகலாம், ஒப்பந்த வேலை கைவிட்டுப் போகலாம். மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. தாமதமாவதால் வார்டில் மற்றவர்களுக்குப் பரவுகிறது.

தீர்வு விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் ராட் எஸ்கோம்பும் சக ஆய்வாளர்களும் அறைகளில் ஒரு மணி நேரத்தில் காற்று எத்தனை முறை மாறுகிறது என்று அளந்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில், ஜன்னலையும் கதவையும் முழுவதும் திறந்து வைத்தால் 28 முறை மாறியது. காசநோய் அறைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் இயந்திரக் காற்றோட்டத்தின் அளவு 12. எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தவை 1950க்கு முன் கட்டிய பழைய கட்டடங்கள்: உயரக் கூரை, பெரிய ஜன்னல்கள், மணிக்கு 40 முறை. பிறகு வந்த நவீனக் கட்டடங்களில் 17.

நம் ஊரில் இதைப் படிக்கும்போது வேறு காட்சி கண்முன் வரும். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிது கட்டுகிறோம். தாழ்ந்த கூரை, அடைத்த கண்ணாடி, சுவரில் ஏ.சி. அந்த ஏ.சி. அறையில் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்ப அனுப்புகிறது. வெளிக் காற்று உள்ளே வருவதில்லை. வெக்கை குறையும், தொற்று ஆபத்து கூடும். காற்றுவழித் தொற்றைத் தடுக்க 2010இலேயே மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. இருமுபவரை வரிசையில் முன்னால் அழைத்து, முகக்கவசம் கொடுத்து, சீக்கிரம் பார்த்து அனுப்புவதுதான் அதில் முதல் படி. இருமுபவர் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் அணிந்தாலே பரவுவது 56 சதவீதம் குறைந்ததைத் தென்னாப்பிரிக்க ஆய்வொன்று, ரைலியைப் போலவே கினிப் பன்றிகளை வைத்து, 2012இல் காட்டியது.

வீட்டுக்குப் போனவர்கள்

கண்காணிப்பு என்ற நான்காவது பொருளின் கதை இன்னும் சிக்கலானது. சென்னை ஆய்வில் ‘வீட்டில் சிகிச்சை’ என்பது தனியாக விடப்பட்ட சிகிச்சை அல்ல. நோயாளிகள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். பணியாளர்கள் அவர்கள் வீடுகளுக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். 86 சதவீதம் என்ற அந்த எண்ணுக்குப் பின்னால் இத்தனை பேரின் நடை இருந்தது.

1962இல் தேசியத் திட்டம் வந்தபோது வீட்டுச் சிகிச்சையை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சாத்தியமாக்கிய ஆட்களை அந்த எண்ணிக்கையில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று பத்தாண்டுகள் கழித்து மதிப்பிட்டபோது, சிகிச்சை தொடங்கியவர்களில் பாதிப்பேர்கூட அதை முடிக்கவில்லை என்று தெரிந்தது. அதற்கு மருந்தாக 1990களில் டாட்ஸ் முறை வந்தது: நோயாளி மாத்திரை விழுங்குவதை ஒருவர் நேரில் பார்க்க வேண்டும். இந்த யோசனைக்கும் வேர் சேத்துப்பட்டிலேயே இருந்தது. வாரம் இரண்டு முறை மையத்துக்கு வரவழைத்து, கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையை 1960களின் தொடக்கத்திலேயே அங்கே சோதித்திருந்தார்கள். பல நாடுகளின் சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தவர்கள், விழுங்குவதைப் பார்ப்பதால் மட்டும் குணமடைவது கூடுவதில்லை என்று பின்னர் கண்டார்கள். நோயாளியிடம் பேசுவதும், வாந்தியோ மூட்டுவலியோ வந்தால் கேட்டு நடவடிக்கை எடுப்பதும், வராவிட்டால் தேடிப் போவதும் உறவால் நடப்பவை. காவல் காப்பதால் மட்டும் அவை கிடைத்துவிடாது.

அந்த உறவைச் சுமப்பவர் இன்று யார்? களத்தில் இருக்கும் காசநோய்ப் பணியாளர்களில் பெரும்பாலோர் ஒப்பந்த ஊழியர்கள். ஏறத்தாழ இரண்டு லட்சம் மக்கள் கொண்ட பகுதிக்கு ஒரு முதுநிலை சிகிச்சை மேற்பார்வையாளர். மோட்டார் சைக்கிளில் போய் நோயாளியைப் பார்ப்பதும், வங்கிக் கணக்கு எண்ணை வாங்கிச் சரிபார்ப்பதும், இரவில் நிக்ஷய் என்ற இணையப் பதிவுத் தளத்தில் விவரம் ஏற்றுவதும் அவர் வேலை. இப்போது எடை, கால் வீக்கம், ஆக்சிஜன் பார்ப்பது ஆகியவையும் களத்தில் இருப்பவர்கள் தலையில்தான் சேர்கின்றன. கூடுதல் பரிசோதனை, கூடுதல் உணவு, கூடுதல் கவனிப்பு எனப் புதிய ஆய்வு ஒவ்வொன்றும் சொல்லும் நல்ல முடிவு கடைசியில் இவர்களின் நாளில் ஒரு மணி நேரமாகத்தான் வந்து சேர்கிறது. அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வரும் என்று ஆய்வுகள் பெரும்பாலும் கேட்பதில்லை. டெல்லி ஆய்வில் தெரிந்தும் செய்யாத மருத்துவர்களை நினைத்துப் பார்த்தால், களைத்துப்போனவர் கையில் எந்த நல்ல நெறிமுறையும் தேய்ந்துபோகும் என்பது விளங்கும். பணியாளரின் நலன் அதனால் நோயாளியின் நோய் கண்டறிதலோடும் சிகிச்சையோடும் ஒரே கணக்கில் வருகிறது.

சட்டம் இதை ஓரளவு முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, மருத்துவ, ஆய்வுக்கூட வேலையில் ஏற்படும் தொற்றுநோயைத் தொழில்சார் நோயாகக் கொண்டது. நெசவாலையில் பஞ்சுத் தூசியால் வரும் நோயையும் சுரங்கத்தில் வரும் நோயையும் தொழிலோடு சேர்த்துப் பார்க்கப் பழகிய நாம், வார்டில் வரும் காசநோயை மட்டும் அந்த ஊழியரின் தலைவிதியாக விட்டுவிடுகிறோம்.

சென்னை ஆய்வை இன்று வாசிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. மாத்திரை இருந்தால் போதும் என்று வாசிப்பது ஒன்று. அப்படித்தான் அறுபது ஆண்டுகள் வாசித்தோம். மாத்திரை எந்த ஏற்பாட்டுக்குள் வேலை செய்தது, அந்த ஏற்பாட்டை யார் தாங்கினார்கள் என்று வாசிப்பது மற்றொன்று. இரண்டாவது வழியில் வாசித்தால் இனிச் செய்ய வேண்டியவை தெளிவாகத் தெரிகின்றன. நோயாளியின் அட்டையில் எடைக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல் குடும்பத்தினரின் சாப்பாட்டுக்கும் ஒரு கட்டம் வேண்டும். புதிய மருத்துவமனைக்கு வரைபடம் போடும்போது காற்று மணிக்கு எத்தனை முறை மாறும் என்ற எண்ணும் அதில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் தன் பணியாளர்களிலும் மாணவர்களிலும் அந்த ஆண்டு எத்தனை பேருக்குக் காசநோய் வந்தது என்பதைப் பெயர்களை மறைத்து வெளியிட வேண்டும். புதிய சிகிச்சை முறையைச் சோதிக்கும் ஆய்வுகள், எத்தனை நோயாளிகள் குணமானார்கள் என்பதோடு பணியாளருக்கு எத்தனை மணி நேரம் கூடியது, அவர்களில் எத்தனை பேர் நோயுற்றார்கள் என்பதையும் முடிவுகளாகச் சேர்க்க வேண்டும். 1956இல் 193 பேரை வைத்து, யாரும் கேட்கத் துணியாத ஒன்றைக் கேட்ட நகரம் இது. இந்தக் கேள்விகளையும் முதலில் கேட்க அதற்குத் தகுதி இருக்கிறது, கடமையும் இருக்கிறது.